மண்ணுக்கு வெந்நீர்க் குளியல்: வானத்துக்கு எவ்வளவு செலவு?

ஜாலான் புசார் சாலையின் ஒரு முனையில் லவெண்டர் ஸ்திரீட் குறுக்கிடுகிறது. லவெண்டர் என்றால் நறுமணம் வீசும் ஊதாப் பூ. அந்தப் பூச்செடி அங்கு என்றாவது வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1858ல் அந்தச் சாலைக்கு அப்பெயர் வைக்கப்பட்டதே ஒரு கிண்டலுக்காகத்தான். அப்போது அப்பகுதி முழுவதும் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். செடிகளுக்கு உரமாக மனிதக் கழிவை ஊற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், “எத்தனை நல்ல வாசம்!” என்று கேலியாகச் சூட்டிய பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

அந்த நாற்றத்துக்கு ஒரு காரணம் அம்மோனியா. அதாவது, நைட்ரஜன் சேர்ந்த ஒரு வாயு. உரத்தில் இருக்கும் நைட்ரஜன் செடிக்குள் மட்டும் போவதில்லை, காற்றுக்கும் போகிறது என்பதை அந்தக் காலத்து ஜாலான் புசார்வாசிகளின் மூக்கு நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால் அதே மண்ணிலிருந்து நைட்ரஜன் சேர்ந்த இன்னொரு வாயுவும் கிளம்புகிறது. அதற்கு நிறம் இல்லை. தோட்டத்தில் நின்றால் மூக்குக்கும் தெரியாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது.

இந்த வாரம் அந்த வாயுவையும், அதனுடன் சேர்ந்த ஒரு விநோதமான பழக்கத்தையும் பார்க்கப்போகிறோம். நோய் பிடித்த விளைநிலத்தைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் பழக்கம் அது.

மண்ணுக்கும் நோய் வருமா?

வரும். உங்கள் வீவக அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் கத்தரியோ தக்காளியோ நட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். முதல் ஆண்டு கூடை நிறையக் காய். அடுத்த ஆண்டு அதே பாத்தியில் நட்ட செடி, பூக்கும் வயதில் ஒரு நண்பகலில் திடீரென்று தலை தொங்குகிறது. தண்ணீர் ஊற்றினாலும் நிமிர்வதில்லை. சில நாள்களில் செடி பச்சையாக இருக்கும்போதே வாடிச் செத்துவிடுகிறது.

இது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. சில பூஞ்சைகளும் இதே வேலையைச் செய்யும். வெண்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால், அது நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய புழு அது.

ஒரே பயிரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நட்டால், அந்தப் பயிரைத் தின்னும் கிருமிகள் மண்ணில் பெருகிக்கொண்டே போகும். இடம் நிறைய இருக்கும் ஊரில் விவசாயி வேறு நிலத்துக்கு மாறலாம். இடம் இல்லாத இடத்தில்? பசுமைக்குடில்களில் ஆண்டு முழுவதும் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் கீரையும் வளர்க்கும் ஜப்பானிய விவசாயிகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. அவர்கள் மண்ணை மாற்ற முடியாது. அதனால் மண்ணைச் சுத்திகரிக்கிறார்கள்.

நஞ்சு வாயுவிலிருந்து வெந்நீருக்கு

பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தது மீதைல் புரோமைடு என்ற வாயு. நிலத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதன் அடியில் இந்த வாயுவைச் செலுத்துவார்கள். பூஞ்சை, நூற்புழு, களை விதை எல்லாம் சாகும். பிறகு விரிப்பை எடுத்தால், மிஞ்சிய வாயு காற்றில் கலந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். மேலே போன மீதைல் புரோமைடு, சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது. ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைவிடப் பல பத்து மடங்கு வல்லது. 1987ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்பாட்டின் பட்டியலில் 1992ல் மீதைல் புரோமைடும் சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் விளைநிலத்தில் இதன் பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று முடிவானது. கப்பலில் போகும் சரக்குகளின் கிருமி நீக்கம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நஞ்சு போனது, நோய் போகவில்லை. விவசாயிகள் மாற்று தேடினார்கள். அவற்றுள் ஒன்று, ஜப்பானில் 1980களிலிருந்து ஆராயப்பட்டுவந்த வெந்நீர் முறை.

செய்முறை எளிது. வயலோரத்தில் ஒரு பெரிய கொதிகலன் நிற்கும். அதில் 70 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய தண்ணீர், துளையிட்ட குழாய்கள் வழியாக மண்ணின் மேல் மெதுவாக ஊற்றப்படும். வெப்பம் ஓடிவிடாமல் இருக்க மேலே விரிப்பு போட்டிருப்பார்கள். சதுர மீட்டருக்கு 100, 200 லிட்டர் என்று மணிக்கணக்கில் ஊற்றினால், சூடு ஒரு சாண் ஆழத்தையும் தாண்டி இறங்கும்.

எவ்வளவு சூடு வேண்டும்? பெரும்பாலான நூற்புழுக்களும் நோய்ப் பூஞ்சைகளும் 50 முதல் 60 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் தாங்காது. பல நோய் பாக்டீரியாக்களுக்கு 60 முதல் 70 டிகிரி. களை விதைகளில் சில இன்னும் கெட்டி. நஞ்சு எச்சம் இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதில்லை. மண்ணில் தேங்கிய உப்புகூடக் கழுவிப் போய்விடும். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது?

ஆனால் தண்ணீர் தானாகச் சூடாவதில்லை.

முதல் கணக்கு: கொதிகலன்

அறிவியல் பாடத்தில் படித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும்.

ஒரு சதுர மீட்டருக்கு 200 லிட்டர், அதாவது 200 கிலோ தண்ணீர் என்று வைப்போம். குழாயில் வரும்போது 20 டிகிரி. கொதிகலனை விட்டுப் போகும்போது 90 டிகிரி. உயர்வு 70 டிகிரி.

200 × 70 × 4.2 = 58,800 கிலோஜூல். ஏறத்தாழ 59 மெகாஜூல்.

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 35 மெகாஜூல் கிடைக்கும். புகைபோக்கி வழியாகக் கொஞ்சம் வீணாகும். தண்ணீருக்குள் போவது 30 மெகாஜூல் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 2 லிட்டர் எண்ணெய் வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 2.5 கிலோ கரியமில வாயு வரும். ஆக, சதுர மீட்டருக்கு 5 கிலோ.

ஒரு சிறிய பசுமைக்குடில் 1,000 சதுர மீட்டர் என்றால், 200 டன் தண்ணீர், 2,000 லிட்டர் எண்ணெய், 5 டன் கரியமில வாயு. ஒரு கிலோமீட்டருக்கு 170 கிராம் வெளியிடும் ஒரு பெட்ரோல் கார் 29,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் வரும் அளவு இது.

சிங்கப்பூரில் 2026ஆம் ஆண்டு முதல் கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளி. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் பெரிய ஆலைகளுக்குத்தான் அந்த வரி. ஆனாலும் அதே விலையைப் போட்டுப் பார்த்தால், ஒருமுறை குளிப்பாட்டியதற்கு 225 வெள்ளி.

இது வெளியே தெரியும் கணக்கு. எண்ணெய் ரசீதைப் பார்த்தே போட்டுவிடலாம். இரண்டாவது கணக்கு மண்ணுக்குள் இருக்கிறது.

செத்தவை விட்டுச்செல்லும் விருந்து

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றும்போது நோய்க்கிருமி மட்டும் சாவதில்லை. நல்லவை, கெட்டவை, எதுவும் செய்யாதவை எல்லாம் சேர்ந்து சாகின்றன. வெந்நீருக்கு ஆள் அடையாளம் தெரியாது.

ஆனால் எல்லாமே சாவதும் இல்லை. சில பாக்டீரியாக்கள் வித்துறை போட்டுக்கொண்டு, சூட்டைத் தாங்கி உறங்கும். ஆழத்தில் சூடு எட்டாத இடத்திலும் சில தப்பிக்கும். மண் ஆறியதும் இவை கண் விழிக்கின்றன. சுற்றிலும் என்ன? செத்த நுண்ணுயிர்களின் உடல்கள். போட்டிக்கும் ஆளில்லை. பெரிய விருந்துதான்.

இந்த விருந்தைக் கவனித்தவர்களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்து அறிவியலாளர்களும் உண்டு. 1909லேயே ரஸ்ஸல், ஹட்சின்சன் என்ற இருவர், பாதி சுத்திகரித்த மண்ணில் பயிர்களுக்கான நைட்ரஜன் உணவு கூடுவதைக் கண்டு எழுதினார்கள். 1976ல் அதே நிலையத்தின் ஜென்கின்சன், பவுல்சன் இருவரும் இதையே ஓர் அளவுகோலாக மாற்றினார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை குளோரோபார்ம் ஆவியால் கொன்று, பிறகு புதிய மண் சிறிது கலந்து பத்து நாள் வைத்தார்கள். சாதாரண மண்ணைவிட அதிகமாகக் கரியமில வாயு வெளியேறியது. செத்த உடல்கள் தின்னப்படுவதால் வரும் வாயு அது. எவ்வளவு கூடுதலாக வருகிறதோ, அதிலிருந்து மண்ணில் எவ்வளவு உயிர் இருந்தது என்று கணக்கிட்டார்கள். பிணங்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்வதுபோல!

அந்தக் கரியமில வாயு பெரிய கவலை இல்லை. அந்த உடல்களில் இருந்த கரிமம் சில ஆண்டுகளுக்கு முன் செடிகள் காற்றிலிருந்து எடுத்ததுதான். கவலைக்குரியது நைட்ரஜன்.

சிரிப்பூட்டும் வாயு, சிரிக்க முடியாத கணக்கு

செத்த உடல்களிலுள்ள புரதம் சிதையும்போது அம்மோனியம் வெளிவருகிறது. சாதாரண மண்ணில், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் அதை எடுத்து, முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் இவை சூட்டுக்கு எளிதில் சாகும். திரும்பிப் பெருகவும் மெதுவானவை. எனவே வெந்நீர்க் குளியலுக்குப் பின் சில வாரங்கள் மண்ணில் அம்மோனியம் தேங்கி நிற்கும்.

மறுபக்கம், மண் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர். ஆக்சிஜன் குறைவு. இந்த நிலையில் சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை ‘மூச்சு’ விடப் பயன்படுத்தும். நைட்ரேட் படிப்படியாக உடைந்து கடைசியில் சாதாரண நைட்ரஜன் வாயுவாக வேண்டும். அந்தப் பாதையில் கடைசிக்கு முந்தின படி நைட்ரஸ் ஆக்சைடு. பல நேரம் வேலை அந்தப் படியிலேயே நின்றுவிட, நைட்ரஸ் ஆக்சைடு மண்ணிலிருந்து நழுவி வெளியேறும். பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மெல்லத் திரும்பி, தேங்கிய அம்மோனியத்தைக் கையாளும்போதும் கொஞ்சம் கசியும்.

பல் மருத்துவர்கள் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் ‘சிரிப்பூட்டும் வாயு’ இதுதான். ஆனால் காற்று மண்டலத்தில் இது நூறு ஆண்டுக்கு மேல் தங்கும். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, 273 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பப்படுத்தலைச் செய்யும். அதோடு ஓசோனையும் அரிக்கும். ஓசோனைக் காக்கத்தானே மீதைல் புரோமைடை விட்டோம்?

வெந்நீர் மட்டும் குற்றவாளி அல்ல. மீதைல் புரோமைடுக்கு மாற்றாக வந்த குளோரோபிக்ரின் என்ற நஞ்சு, மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு உற்பத்தியைப் பல மடங்கு தூண்டுவதை 2003ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மண்ணின் உயிர்களை எப்படிக் கலைத்தாலும், நைட்ரஜன் வேலை தடம் மாறுகிறது என்பதுதான் பாடம்.

இரண்டாவது கணக்கு: மண்

எது பெரியது? கொதிகலன் புகையா, மண்ணின் மூச்சா? 273 என்ற எண்ணைப் பார்த்ததும் மண்தான் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதே 1,000 சதுர மீட்டர். விவசாயி 20 கிலோ நைட்ரஜன் உள்ள உரம் போடுகிறார். அனைத்துலகப் பருவநிலை ஆய்வுக் குழு பொதுவாகப் பயன்படுத்தும் கணக்குப்படி, போட்ட நைட்ரஜனில் சுமார் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அதாவது 200 கிராம் நைட்ரஜன். ஒரு மூலக்கூறின் நிறை 44, அதில் நைட்ரஜன் 28. எனவே 200 × 44 ÷ 28 = 314 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. இதை 273ஆல் பெருக்கினால் சுமார் 86 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இது சாதாரண மண்ணுக்கு. வெந்நீர் ஊற்றியதால் ஐந்து மடங்கு கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மண்ணுக்கு மண் இது மாறும் என்பதால், இது நாம் வசதிக்காக எடுக்கும் எண்தான். அப்போதும் 430 கிலோ. கொதிகலனோ 5,000 கிலோ!

ஆக, இந்தக் கணக்கில் பெரிய திருடன் புகைபோக்கி. இதிலிருந்து ஒன்று புரிகிறது. எண்ணெய்யைக் குறைக்காமல், மண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுப் பயனில்லை. அதே சமயம், நாளை அந்தக் கொதிகலனைச் சூரிய ஆற்றலில் ஓட்டினால் 5,000 ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது மிஞ்சுவது அந்த 430. மண்ணின் மூச்சுதான் முதலிடத்துக்கு வரும்.

சரி, அப்படியானால் வெந்நீர் ஊற்றுவதே தவறா?

அவசரப்படாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 10 கிலோ தக்காளி கிடைக்கிறது என்றால், 5 கிலோ கரியமில வாயு ஒரு கிலோ தக்காளிக்கு அரைக் கிலோ என்று பங்காகும். சுத்திகரிப்பின் பலன் இரண்டு விளைச்சலுக்கு நீடித்தால் கால் கிலோ. வெந்நீர் ஊற்றாமல் விட்டு, செடிகளில் பாதி வாடிப் போனால்? போட்ட உரம், ஓட்டிய மோட்டார், விரித்த பிளாஸ்டிக் எல்லாவற்றின் கரிமமும் மிஞ்சிய பாதிக் காய்களின் தலையில் விழும். விவசாயியின் வருமானமும் போகும். நம்மைப் போல உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, எங்கோ ஒரு வயலில் பயிர் சாவது தூரத்துச் செய்தி அல்ல. தேக்கா சந்தையில் அது விலையாக வந்து நிற்கும்.

எனவே கேள்வி ‘வெந்நீரா, வேண்டாமா’ என்பதல்ல. அதே நோயை இதைவிடக் குறைந்த செலவில் அடக்க வழி உண்டா என்பதே.

வெயில் இலவசம்

இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கதான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1976ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடையில் ஈர மண்ணை ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் சில வாரம் மூடிவைத்தால் போதும், மண் சூடேறி நோய்ப் பூஞ்சைகள் அடங்கிவிடும் என்று அதில் காட்டினார்கள். நெருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. 1980களில் ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள ‘இக்ரிசாட்’ ஆய்வு நிலையம், துவரையையும் கொண்டைக்கடலையையும் தாக்கும் வாடல் நோய்க்கு எதிராக இதைச் சோதித்துப் பார்த்தது. தமிழ்நாட்டிலும் நாற்றங்கால் போடுவதற்கு முன் சித்திரை வெயிலில் மண்ணை மூடிவைக்கும்படி வேளாண் துறையினர் பரிந்துரைக்கிறார்கள்.

இதன் கரிமச் செலவு என்ன? 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள விரிப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 46 கிராம் இருக்கும். பயன்படுத்தியபின் அதை எரித்தால், பாலித்தீனின் வேதிச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், சுமார் 145 கிராம் கரியமில வாயு. அதைத் தயாரிப்பதற்கும் சேர்த்தால் கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். வெந்நீருக்கு 5 கிலோ. இதற்குக் கால் கிலோ!

குறை இல்லாமல் இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் நிலம் சும்மா கிடக்க வேண்டும். சுட்டெரிக்கும் கோடையும் தெளிந்த வானமும் வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் மழையும் மேகமும். ஜப்பானின் குளிர்காலத்தில் பயிர் வைப்பவருக்கும் இது உதவாது. அங்கெல்லாம் வெந்நீரின் தேவை தொடர்கிறது.

சூடே ஏற்றாத வழியும் உண்டு. 1961ல் ஊட்டியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்ற அறிவியலாளர் கண்டறிந்தார். பெண் புழு செத்தபின் அதன் உடலே கெட்டியான உறையாக மாறி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் பாதுகாக்கும். நீலகிரி மலையையே வெந்நீரில் குளிப்பாட்ட முடியுமா? வேறு மாநிலங்களுக்குப் புழு பரவாமல் இருக்க விதைக்கிழங்கு வெளியே போவது தடுக்கப்பட்டது. புழுவை எதிர்க்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ போன்ற கிழங்கு வகைகள் உருவாக்கப்பட்டன. உருளைக்கிழங்கு வைத்த இடத்தில் முட்டைக்கோசு, கேரட் என்று பயிரை மாற்றி மாற்றி வைப்பதும் புழுவைப் பட்டினி போடும் வழி.

இன்னொரு வழி லிட்டில் இந்தியாவின் மாலைக் கடைகளில் தொங்குகிறது. ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கும் துலுக்கச் சாமந்தி. அந்தச் செடியின் வேர் சுரக்கும் ஒரு பொருள் வேர்முடிச்சு நூற்புழுக்களுக்கு நஞ்சு. கத்தரிக்கு முந்தைய பருவத்தில் பாத்தி முழுவதும் அதை நட்டு வளர்த்தால் மண்ணில் புழுக்கள் குறையும். பூவும் கிடைக்கும்.

வெந்நீர்தான் வேண்டும் என்றால்

அப்போதும் குறைக்க இடம் இருக்கிறது.

முதலாவது, தண்ணீரின் அளவு. நோய்க்கிருமி மேல்மண்ணில்தான் இருக்கிறது என்று சோதித்துத் தெரிந்துகொண்டால், 200 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் போதும். எண்ணெய்யும் பாதி, புகையும் பாதி.

இரண்டாவது, வெப்பத்தின் மூலம். வெயில் படும் கூரையில் முதலில் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, மிச்சத்தைக் கொதிகலனிடம் விடலாம். 20லிருந்து 90 வரை 70 டிகிரி ஏற்ற வேண்டிய இடத்தில் 40 டிகிரி மட்டும் ஏற்றினால் போதும். ஆலைகளில் வீணாகும் வெப்பம் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, உரம். குளியலுக்குப்பின் மண்ணில் ஏற்கெனவே அம்மோனியம் நிறைந்திருக்கிறது. அது தெரியாமல் வழக்கமான அளவு உரத்தையும் கொட்டினால், செடி எடுத்ததுபோக மிச்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும், நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்குக் கீழே போகும். மண்ணைச் சோதித்து உரத்தைக் குறைத்தால் காசும் மிச்சம், காற்றும் மிச்சம்.

உங்கள் பாத்தியில்

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இன்று தீவெங்கும் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. உங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கலாம். அங்கே ஒரு சதுர மீட்டர் பாத்தியில் வாடல் நோய் வந்து, யாராவது “வெந்நீர் ஊற்றலாமே” என்று சொன்னால், நீங்கள் காகிதத்தை எடுங்கள்.

100 லிட்டர், 30 டிகிரியிலிருந்து 90க்கு: 100 × 60 × 4.2 = 25,200 கிலோஜூல். 3,600ஆல் வகுத்தால் 7 கிலோவாட்-மணி. சிங்கப்பூர் மின்சாரத்தின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. மொத்தம் 2.8 கிலோ. 1.7 லிட்டர் பிடிக்கும் மின்கெண்டியில் என்றால் கிட்டத்தட்ட 60 முறை காய்ச்ச வேண்டும்! கையில் கொட்டிக்கொள்ளும் ஆபத்தும் 60 முறை. அதற்குப் பதில் நோய்ச் செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தப் பாத்தியில் சில பருவங்களுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் குடும்பத்தை விட்டு, கீரையோ பயற்றங்காயோ நடுவது எவ்வளவு எளிது!

சுண்ணாம்பு நீரில் பார்க்கலாம்

இவ்வளவு படித்தபின், செத்த நுண்ணுயிர்களின் விருந்தை நேரில் பார்க்க ஆசையா? ஜாலான் புசாரிலிருந்து பிரியும் பகுதியில் கம்போங் கப்பூர் என்று ஒரு சாலை உண்டு. கப்பூர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. நம் முன்னோர் அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். நமக்குத் தேவையும் அதே சுண்ணாம்புதான்.

ஆசிரியரின் துணையோடு அறிவியல் கூடத்தில் செய்யுங்கள். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். முதலாவதில் தோட்டத்து ஈர மண் 100 கிராம். இரண்டாவதில், 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்ட அதே மண் 100 கிராம். அதில் மட்டும் ஒரு சிட்டிகை புதிய மண்ணைக் கலந்துவிடுங்கள். விருந்துக்கு ஆள் வேண்டுமே! மூன்றாவதில் மண்ணே வேண்டாம். மூன்றிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர் உள்ள சிறு கிண்ணம் ஒன்றை வைத்து இறுக மூடுங்கள்.

ஒவ்வொரு நாளும் பாருங்கள். கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு நீர் பால்போலக் கலங்கும். எந்தப் போத்தல் முதலில் கலங்குகிறது, எத்தனையாவது நாளில் என்று குறித்துவையுங்கள். சாதாரண மண்ணா, வெந்நீர் குடித்த மண்ணா? முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. 1976ல் ராத்தம்ஸ்டெட்டில் இருவர் எதைக் கண்டார்கள் என்பதை மேலே படித்துவிட்டீர்கள். உங்கள் மண் அதையே சொல்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நைட்ரஸ் ஆக்சைடைச் சுண்ணாம்பு நீர் காட்டாது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். ஆனால் அடுத்த முறை லவெண்டர் ஸ்திரீட் சந்திப்பில் பச்சை விளக்குக்காக நிற்கும்போது, ஒரு காலத்தில் அங்கே வீசிய நாற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர்களுக்குத் தெரிந்தது மூக்குக்கு எட்டிய நைட்ரஜன் மட்டுமே. மூக்குக்கு எட்டாததையும் கணக்கில் கொண்டுவரும் பொறுப்பு, காகிதமும் எழுதுகோலும் கையில் உள்ள உங்களுடையது.